பழைய புல்லட்டின் மரைகள்

ஒரு மோட்டார் சைக்கிளின் தயாரிப்பு நின்றுபோன பின்னும் அது பல பத்தாண்டுகள் சாலையில் ஓட வேண்டுமானால், தேய்ந்த பாகங்களுக்கு மாற்று கிடைக்க வேண்டும். கிடைத்த பாகத்தைப் பூட்டுவதற்குரிய மரைகளும் கெடாமல் இருக்க வேண்டும். முதலாவதைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். இரண்டாவதை, எஞ்சின் கூட்டில் ஒரு போல்ட் பிடிமானமின்றி வெறுமனே சுற்றத் தொடங்கும் நாள்வரை பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. போல்ட்டின் மேலும் அது நுழையும் துளையின் உள்ளும் சுருளாக ஓடும் வரியே மரை எனப்படுகிறது. பட்டறைகளில் இதையே ‘த்ரெட்’ என்றும், அது அழிந்துவிட்டால் ‘த்ரெட் போய்விட்டது’, ‘ஃப்ரீ ஆகிவிட்டது’ என்றும் சொல்வார்கள். உதிரிபாகம் தேடுவதும் மரை காப்பதும் தனித்தனி வேலைகளாகத் தோன்றினாலும், பழைய வண்டியைப் பொறுத்தவரை அவை ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் பிறந்த பழைய ‘காஸ்ட் அயர்ன்’ புல்லட்டைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1955-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 346 சி.சி. புல்லட் உருவாகத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி விற்ற ஆலை, 1960களில் பாகங்களையும் இங்கேயே செய்யும் நிலைக்கு வளர்ந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பிறகும், 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. பிஸ்டன் ஓட்டமும் கொண்ட அந்த எஞ்சின், வார்ப்பிரும்பு சிலிண்டரும் அலுமினிய ஹெட்டும் தனியாக நிற்கும் நான்கு கியர் பெட்டியுமாகச் சென்னையில் தொடர்ந்து உருவானது. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய வகை 2008-ஐ ஒட்டி வரத் தொடங்கும்வரை பழைய அமைப்பின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. இவ்வளவு நீண்ட காலம் ஒரே எஞ்சின் தயாரானதால் உதிரிபாகங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால், அதே நீண்ட காலமே மரைகளில் ஒரு பெருங்குழப்பத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது.

அந்த எஞ்சின் வரையப்பட்ட காலத்தில் பிரிட்டனில் ஒரே ஒரு மரை அளவு வழக்கில் இருக்கவில்லை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்த மரையின் வரிகள் 55 பாகைக் கோணத்தில் வெட்டப்பட்டவை. உலகில் முதன்முதலாகப் பரவலாக ஏற்கப்பட்ட பொதுத்தர மரை அதுவே. பின்னர் அதே கோணத்தில் நெருக்கமான வரிகளோடு பி.எஸ்.எஃப். என்ற வகை வந்தது. சைக்கிள் தொழிலுக்கென்று 60 பாகைக் கோணத்தில் சைக்கிள் மரை வந்தது. அதில் பல அளவுகளுக்கு அங்குலத்துக்கு 26 வரி என்பதே கணக்கு. மின்சாதனங்களின் சிறு திருகுகளுக்கு 47.5 பாகையில் பி.ஏ. என்ற வகையும் இருந்தது. மோட்டார் சைக்கிள் தொழில் சைக்கிள் தொழிலிலிருந்து கிளைத்ததால், பிரிட்டிஷ் வண்டிகளில் இவையெல்லாம் கலந்தே இருந்தன. இந்தியாவோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கி, 1960களில் அதை முழுமையாக ஏற்றது. கடைத்தெருவின் போல்ட் டப்பாக்கள் மெட்ரிக் அளவுக்கு மாறிய பின்னும் புல்லட்டின் துளைகளில் பல பழைய பிரிட்டிஷ் அளவிலேயே நின்றன. பின்வந்த வண்டிகளில் சில இடங்களில் மெட்ரிக் புகுந்தது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு வண்டியும் கடந்து வந்த பட்டறைகளில் அவரவர் கைக்குக் கிடைத்த போல்ட்டை இட்டு மாற்றியிருப்பார்கள். ஆகவே, இன்று ஒரு பழைய புல்லட்டில் எந்தத் துளையில் எந்த மரை இருக்கிறது என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல இயலாது.

இக்குழப்பம் எப்படிச் சேதமாக மாறுகிறது என்பதை ஓர் அளவைக் கொண்டு காணலாம். கால் அங்குலப் போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ.; அதில் அங்குலத்துக்கு 26 வரி என்றால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 0.977 மி.மீ. சாதாரணக் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டின் இடைவெளி 1 மி.மீ. இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பது மட்டுமன்றி, மெட்ரிக் போல்ட்டைக் கால் அங்குலத் துளையில் விட்டால் எந்தத் தடையுமின்றி இலகுவாகவே உள்ளே போகும். ஆனால் அதன் வரிகள் துளையின் வரிகளை முழு ஆழத்துக்குப் பற்றாமல் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இடைவெளி வேறுபாட்டால் பத்து வரிக்குள் கால் மில்லிமீட்டர் அளவுக்கு விலகல் சேர்ந்துவிடுவதால், அழுத்தம் முழுவதும் ஓரிரு வரிகளின் மீதே விழும். இறுக்கும்போது அலுமினியத் துளையின் நுனிகள் உருவிக்கொண்டு வந்துவிடும். மாறாக, மெட்ரிக் துளையில் கால் அங்குலப் போல்ட்டை ஸ்பேனரால் வலிந்து செலுத்தினால், அது தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளிருந்த மரையை அழிக்கும். கையால் சுலபமாகப் போகிறதே என்று நம்புவதும், கையால் போகாததை ஸ்பேனரால் செலுத்துவதும் ஒரே இழப்பில் முடிகின்றன.

இதைத் தவிர்க்கத் தேவையான கருவிகள் விலை அதிகமானவையல்ல. விட்டத்தை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பரும், வரிகளின் இடைவெளியைக் காண மெல்லிய பல் தகடுகள் அடங்கிய பிட்ச் கேஜும் போதும். போல்ட்டின் மீது தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பொருந்தும் தகட்டின் பற்களுக்கிடையே ஒளி கசியாது. கசிந்தால் அது வேறு அளவு. 55 பாகைத் தகடும் 60 பாகைத் தகடும் தனித்தனித் தொகுப்புகளாக விற்கப்படுவதால், பிரிட்டிஷ் வம்சத்து வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பேனரிலும் இதே சிக்கல் உண்டு. மெட்ரிக் ஸ்பேனரில் பொறித்த எண், அது பிடிக்கும் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் குறிக்கிறது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த எண்ணோ போல்ட்டின் தடிமனைக் குறிக்கிறது. கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13-ஆம் எண் ஸ்பேனர் அந்தத் தலையில் நுழையாது, 14-ஆம் எண் ஆடும். ஆடும் ஸ்பேனரால் கழற்றிக் கழற்றியே பழைய புல்லட்டுகளின் நட்டுகள் முனை மழுங்கி உருண்டையாகிப் போயின. ஜப்பானிய வம்சத்து வண்டிகளில் இதற்கு இணையான தொல்லை ஒன்று உண்டு: 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றின் எஞ்சின் மூடிகளில் உள்ள கூட்டல் குறித் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் அமைந்தவை. சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுமையாக அமராமல் மேலேறி வழுக்கி, தலையைக் குடைந்துவிடும். அந்தத் தரத்துக்குரிய திருப்புளியையோ, சுத்தியால் அடிக்கும்போது தானே சிறிது திரும்பும் இம்பாக்ட் டிரைவரையோ பயன்படுத்தினால் திருகுக்குச் சேதமில்லை.

அளவு சரியாக இருந்தும் மரை அழிவது பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்குவதால்தான். போல்ட்டை இறுக்கும்போது செலுத்தும் விசையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, தலைக்குக் கீழும் வரிகளுக்கிடையிலும் ஏற்படும் உராய்வை வெல்வதிலேயே செலவாகிறது; எஞ்சிய சுமார் 10 விழுக்காடே போல்ட்டைச் சிறிது நீளச் செய்து பாகங்களை ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. துருவும் மண்ணும் இருந்தால் உராய்வு கூடி, இறுக்கியதாகத் தோன்றினாலும் பிடி குறைவாகவே இருக்கும். எண்ணெயோ கிரீஸோ தடவியிருந்தால் உராய்வு குறைந்து, அதே விசையில் பிடி அதிகமாகிவிடும். ஆகவே, கையேட்டில் தந்த இறுக்க அளவு சுத்தமான உலர்ந்த மரைக்கா, எண்ணெய் தடவிய மரைக்கா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினியத்துக்குள் செல்லும் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். பத்து சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியில் சுமார் பத்து கிலோ விசை கொடுத்தால் அது கிடைத்துவிடும். இருபது சென்டிமீட்டர் ஸ்பேனரில் அதே கை, அதே வலுவைக் காட்டினால் இறுக்கம் இரு மடங்காகும். எத்தனை இறுக்கினோம் என்பதைக் கை உணர்வதில்லை. எவ்வளவு வலுவைச் செலுத்தினோம் என்பதையே உணர்கிறது. டார்க் ரெஞ்ச் என்ற அளவுகாட்டும் ஸ்பேனரின் பயன் இங்கேதான்.

பழைய புல்லட் உரிமையாளர்களின் தீராத குறை எண்ணெய்க் கசிவு. மூடியின் ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தவுடன் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது வழக்கமாகிவிட்டது; அதைவிடக் கேடான வழக்கம் வேறில்லை. இறுக்கம் எல்லை மீறும்போது துளையின் வாயிலுள்ள முதல் வரி மேல்நோக்கி இழுபட்டு, துளையைச் சுற்றி நகம் இடறும் அளவுக்கு மெல்லிய விளிம்பாக எழும்புகிறது. அந்த விளிம்பு மூடியைச் சற்றே தூக்கிப் பிடிப்பதால் பேக்கிங் சமமாக அழுந்தாமல் கசிவு கூடும். கசிவு கூடக் கூட மேலும் இறுக்குவார்கள். மூடியைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, எழும்பிய விளிம்புகளைத் தேய்த்தெடுத்து, துளையின் வாயை மிகச் சிறிதளவு சரிவாக்கி, புதிய பேக்கிங் இட்டால், குறைந்த இறுக்கத்திலேயே கசிவு நிற்கும்.

அலுமினியமும் எஃகும் சேரும் இடம் வேறு வகையிலும் கவனத்துக்குரியது. வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், சூடான எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதும் இறுக்குவதும் ஹெட்டின் மரைக்கு ஆகாது; எஞ்சின் குளிரும்வரை காத்திருப்பதே முறை. அதே விரிவு, இறுகிப்போன எஃகு ஸ்டட்டைக் கழற்றும்போது துணையாகிறது: சுற்றியுள்ள அலுமினியத்தைச் சீராகச் சூடாக்கினால் பிடி தளரும். ஈரம் புகுந்தால் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு வெள்ளைப் பொடி படர்ந்து, போல்ட் ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் இது விரைவாக நடக்கும். ஒட்டுவதைத் தடுக்கும் செம்புக் கிரீஸைச் சிறிதளவு தடவுவது இதற்குக் காப்பு. மறுமுனை அடைபட்ட துளைக்குள் எண்ணெய் தேங்கியிருக்க விடக் கூடாது. போல்ட் இறங்கும்போது எண்ணெய்க்கு வெளியேற வழியின்றி அழுத்தம் கூடி வார்ப்பே வெடித்துவிடக்கூடும். போல்ட்டை உள்ளே விடுமுன் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, வரியின் தொடக்கம் ‘டக்’ என்று அமர்வதை விரலால் உணர்ந்த பிறகே முன்னோக்கித் திருப்புவதும், முதல் மூன்று நான்கு சுற்றுகளை வெறுங்கையால் மட்டுமே செலுத்துவதும் கோணலாக நுழைவதைத் தவிர்க்கும். எல்லா மரையும் வலப்புறம் இறுகுவன அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. புல்லட்டின் எண்ணெய் பம்ப்பை இயக்கும் வார்ம் திருகு இடது மரை கொண்டது. இது தெரியாமல் வழக்கமான திசையில் பலமாகத் திருப்பிக் கழற்ற முயல்வோர் அதை மேலும் இறுக்கிக்கொண்டே போவார்கள்.

எஞ்சின் கூடான கிராங்க்கேஸின் மரைக்கு இத்தனை அக்கறை ஏன் என்பதற்கு, உதிரிபாகச் சந்தையைப் பார்த்தாலே விடை கிடைக்கும். சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், கழற்றிய பழைய பாகங்களுக்கு எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையும், டெல்லியில் கரோல் பாக்கும் பெயர் பெற்றவை. பிஸ்டன், வால்வு, கிளட்ச் தட்டு, கேபிள் என்று தேயும் பாகங்கள் எல்லாம் பல தயாரிப்பாளர்களின் பெயரில் கிடைக்கின்றன. எளிதில் மாற்ற முடியாதது கிராங்க்கேஸ். வண்டியின் எஞ்சின் எண் அதன் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுவே பதிவுச் சான்றிதழிலும் இருக்கிறது. வேறொரு வண்டியின் கூட்டை மாற்றினால் அந்த மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிவுசெய்ய வேண்டும். காயலான் கடையில் ரசீதின்றி வாங்கிய கூடு திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் வரும் வில்லங்கமோ தனி. நூறு ரூபாய்கூட விலை போகாத ஒரு போல்ட்டை அளவு பார்க்காமல் இறுக்கியதன் விலை இவ்வளவு தூரம் போகும்.

பாகம் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது, தம் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது, அந்த ஆண்டில் எந்த அமைப்பு இருந்தது என்பது. புல்லட்டில் 6 வோல்ட் மின்னமைப்பு 12 வோல்ட்டாகவும், சி.பி. பாயின்ட் முறை மின்னணுப் பற்றவைப்பாகவும், நான்கு கியர் ஐந்தாகவும் வெவ்வேறு காலங்களில் மாறியிருப்பதால், ‘புல்லட் 350-க்கு’ என்று மட்டும் கேட்டு வாங்கிய பாகம் பொருந்தாமல் போவது வியப்பன்று. அடுத்து, வண்டியின் பெயரைச் சொல்லாமலே வாங்கக்கூடிய பாகங்களைப் பிரித்தறிய வேண்டும். பேரிங்குகள் உலகத் தரத்தில் எண்ணிடப்பட்டவை: 6204 என்று பொறித்திருந்தால் கடைசி இரு இலக்கமான 04-ஐ ஐந்தால் பெருக்கிக் கிடைக்கும் 20 மி.மீ. அதன் உள்விட்டம், வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. எண்ணுக்குப் பின் வரும் 2ஆர்.எஸ். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதையும், சி3 உள் இடைவெளி சற்றுக் கூடுதலாக இருப்பதையும் குறிக்கும். ஆயில் சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றை நல்ல பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொல்லியே வாங்கலாம். மோட்டார் சைக்கிள் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரும் தரமறியாப் பொருளைவிட இது நம்பிக்கையானது.

‘பழைய ஸ்டாக், ஒரிஜினல்’ என்று சொல்லி விற்கப்படும் பொருள்களில் உலோகப் பாகங்கள் பெரும்பாலும் போற்றத்தக்கவை. ரப்பர்ப் பாகங்கள் அப்படியல்ல. முப்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ஆயில் சீல் கம்பெனிப் பெட்டியோடு வந்தாலும் விறைத்து வெடிப்பு விட்டிருக்கும்; அந்த இடத்தில் இன்று தயாரான சாதாரண சீலே மேல். புதிய பாகத்தைப் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து, மரை உள்ள பாகமானால் அதில் செல்லும் போல்ட்டைக் கடையிலேயே கையால் திருப்பிப் பார்த்து வாங்குவதை எந்த நல்ல கடைக்காரரும் தவறாக நினைக்க மாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் மரை போய்விட்டால், அதோடு வார்ப்பு பாழாகிவிடவில்லை. துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவுப் போல்ட் இடுவது பட்டறைகளின் வழக்கம். சுற்றிலும் போதிய உலோகம் இல்லாத இடங்களில் அது அடுத்த பழுதுபார்ப்புக்கு வழியில்லாமல் செய்துவிடும். அதைவிட நல்லது ஹெலிகாயில் முறை. துளையைச் சற்றே அகலமாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் புதிய வரி வெட்டி, சாய்சதுரக் குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளை அதனுள் திருகிவிடுவார்கள். சுருளின் உட்புறம் பழைய அளவு மரையாகவே அமைவதால் பழைய போல்ட்டையே பயன்படுத்தலாம். எஃகு வரி, சுமையைப் பரந்த அலுமினியப் பரப்புக்குப் பகிர்வதால் இப்படிச் சீர்செய்த துளை முன்னைவிட உறுதியாகவும் இருக்கும். துளையைத் துளைக்கும்போது செங்கோணம் தவறாமலிருப்பதே இதில் உயிர்நாடி. ஸ்பார்க் பிளக் துளையானால் உலோகச் சீவல்கள் சிலிண்டருக்குள் விழாதிருக்க ஹெட்டைக் கழற்றி எடுத்து லேத் பட்டறையில் கொடுப்பதே பாதுகாப்பு. மரை முழுதும் போகாமல் அடிபட்டு மட்டும் இருந்தால், வெட்டும் டேப்பைத் தவிர்த்து, வரியைச் சீர்செய்ய மட்டுமே உதவும் டேப்பைப் பயன்படுத்த வேண்டும். வெட்டும் டேப் ஒவ்வொரு முறையும் நல்ல உலோகத்திலும் சிறிதளவை எடுத்துச் சென்றுவிடும்.

பழைய வண்டியைக் கழற்றும் ஒவ்வொருவரும், எந்தத் துளையில் எந்த அளவு, எத்தனை நீளப் போல்ட் இருந்தது, எங்கே ஹெலிகாயில் இடப்பட்டுள்ளது, எந்த பேரிங் எண், எந்த சீல் அளவு என்பவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிப் பதிவுச் சான்றிதழோடு வைத்துவிட வேண்டும். வண்டி கைமாறும்போது அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுங்கள். அடுத்து ஸ்பேனர் எடுப்பவர் ஊகத்தில் இறுக்க வேண்டியிருக்காது.